பால்வெட்டும் பளுவும் ஒரே கைமுட்டில்

கேள்வி:

"வயது 38. பத்து வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். சொந்தமாக 220 ரப்பர் மரம் உண்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் நானே பால் வெட்டுகிறேன். ஏழு மாதத்துக்கு முன் ரிவர்ஸ் கர்ல் (உள்ளங்கை கீழே பார்க்க ராடைப் பிடித்து, கைமுட்டை மடக்கித் தூக்குவது) அடிக்கும்போது வலது கைமுட்டின் வெளிப்பக்கம் சுருக்கென்று ஒரு வலி. பிறகு ஜிம்மில் எடைப் பிளேட்டை எடுத்தால் வலி, டீ கெட்டிலைத் தூக்கினால் வலி, பைப்பை இறுக்கினால் வலி என்று ஆகிவிட்டது. டென்னிஸ் எல்போ என்று சொல்லி ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஒன்றரை மாதம் வலியே தெரியவில்லை. ராடைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டைத் திரும்ப 120 கிலோவுக்குக் கொண்டுபோனேன், முன்னைவிட மோசமாக வந்துவிட்டது. அப்புறம் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் ஏழு நாள் உழிச்சல், எண்ணெய் போட்டுத் தடவுவது. எலும்பின் மேலேயே கட்டைவிரலால் அழுத்தித் தடவினார், அந்த வாரம் சட்டைப் பொத்தான் போடக்கூட முடியவில்லை. ஒருவர் ஜிம்மையே விடு என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார். எம்ஆர்ஐ எடுக்கவா? இன்னொரு ஊசி போடலாமா? விரல் மரத்துப்போவது, கழுத்துவலி எதுவும் இல்லை. ஜிம்மை விடாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?"

பதில்:

வழி உண்டு, ஜிம்மை விட வேண்டாம். ஜிம்மை மட்டும் விட்டுவிட்டு 220 மரத்தையும் வெட்டிக்கொண்டிருந்தால் கைமுட்டுக்கு என்ன ஓய்வு கிடைக்கும்? டெட்லிஃப்டை விவரமாக எழுதியிருக்கிறீர்கள், பால்வெட்டு ஒரே வரியில் முடிந்துவிட்டது. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் பட்டது.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. இடது கையால் வலது முன்கையின் மேல்பக்கத்தை, கைமுட்டுக்கு நாலு விரல் கீழே, பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கையை இறுக்கி மூடுங்கள். உள்ளங்கைப் பக்கத்துத் தசைதானே விரலை மடக்குகிறது, மேல்பக்கம் ஏன் கல் மாதிரி இறுகுகிறது? விரலை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அப்படி மடங்கிவிட்டால் பிடியில் பலம் இருக்காது. அதனால் மேல்பக்கத்துத் தசைகள் மணிக்கட்டைப் பின்னால் இழுத்து நிறுத்துகின்றன. எதைப் பிடித்தாலும், ராடு ஆனாலும் கத்தி ஆனாலும் வாளி ஆனாலும், இந்தத் தசைகள் வேலை செய்தே ஆக வேண்டும். அவை எல்லாம் சேர்ந்து போய் ஒட்டும் இடம்தான் உங்களுக்கு வலிக்கும் அந்த எலும்புப் புடைப்பு. அதில் அதிகம் அடிபடுவது எக்ஸ்டென்சர் கார்ப்பி ரேடியாலிஸ் பிரெவிஸ் என்ற ஒரு தசையின் நாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு.

கை நீட்டியிருக்க, உள்ளங்கை கீழே பார்க்க, விரல் இறுக்கிப் பிடித்திருக்க: இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த நாணின் மேல் விழும் இழுப்பு உச்சத்துக்குப் போகும். பிளேட்டை ஸ்டாண்டிலிருந்து ஒரு கையால் கிள்ளி எடுப்பது அப்படியே இந்த நிலைதான். பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோ தள்ளும்போது வலிக்காத கை, 10 கிலோ பிளேட்டை எடுக்கும்போது வலிப்பதற்குக் காரணம் இதுவே.

டென்னிஸ் எல்போ என்ற பெயர் 1880-களில் லான் டென்னிஸ் ஆடியவர்களை வைத்து வந்தது. அதற்கு முன்பே, 1873-இல், ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் எழுத்துவேலை செய்பவர்களின் கைவலியாக இதை விவரித்துவிட்டார். இது வருகிறவர்களில் பெரும்பாலானோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே இருக்கமாட்டார்கள். 35 முதல் 55 வயதுக்குள் கையால் பிடித்து வேலை செய்கிறவர்களின் நோய் இது. உங்கள் வயதும் வேலையும் அதற்குள் வந்துவிடுகின்றன.

'வீக்கம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பல மாதம் ஆன நாணை நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சி செல்கள் மிகக் குறைவு. சீராக முறுக்கிய கயிறு போல இருக்க வேண்டிய நார்கள் குலைந்து கிடக்கும், நடுவில் தேவையில்லாத சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கும். கயிறு பழையபடி முறுக்கேற அதன் மேல் அளவாகப் பாரம் விழ வேண்டும். வலி மாத்திரையும் ஐஸும் வலியைத் தணிக்கும், நாரை அடுக்காது. முழு ஓய்வு கொடுத்தால் நாண் இன்னும் மெலியும், ஓய்வு முடிந்து முதல் பிளேட்டைத் தூக்கும் நாளிலேயே வலி திரும்பும்.

ஊசி விஷயமும் இதில்தான் அடங்கும். பழைய சீட்டு இருந்தால் பாருங்கள், ட்ரையாம்சினலோன் என்றோ மெத்தில்பிரெட்னிசலோன் என்றோ எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. ஆறு வாரம் சுகம், பிறகு திரும்பல் என்று நீங்கள் எழுதியிருப்பது ஸ்டீராய்டு ஊசியின் வழக்கமான கதைதான். ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் செய்து 2013-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஸ்டீராய்டு போட்டவர்களில் ஓராண்டு முடிவில் 83 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 96 சதவீதம். வலி திரும்பி வந்தது முதல் கூட்டத்தில் 54 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 12 சதவீதம் பேருக்கு. வலி மறைந்த அந்த ஒன்றரை மாதத்தில் நாண் தேறவில்லை. நீங்கள் தேறிவிட்டது என்று நினைத்து 120 கிலோவைத் தொங்கவிட்டீர்கள். இன்னொரு ஊசி வேண்டாம். ரத்தத்தை எடுத்துச் சுழற்றி அதையே போடும் பிஆர்பி ஊசிக்கும் செலவுக்கேற்ற பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

எம்ஆர்ஐ இப்போது தேவையில்லை. உங்கள் வயதில் வலியே இல்லாத கைமுட்டை எடுத்தாலும் நாணில் ஏதாவது மாற்றம் தெரியலாம். அறிக்கையில் 'பகுதிக் கிழிசல்' என்று ஒரு வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் போவதுதான் மிச்சம். ஆபரேஷன் என்பது ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை முறையாகப் பாரப் பயிற்சி செய்தும் தேறாதவர்களுக்கு. நீங்கள் இன்னும் அந்தப் பயிற்சியைத் தொடங்கவே இல்லை.

ஆசான் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வர்ம ஆசான்களின் ஊர் இது, எண்ணெய் போட்டு உழிந்தால் முன்கைத் தசை இளகுவது உண்மை. தசையில் தடவட்டும், எலும்புப் புடைப்பின் மேல் வேண்டாம். அங்கே நாணுக்கு அடியில் நேராக எலும்பு இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் குலைந்த நார் எலும்போடு நசுங்கும், அந்த வாரம் பொத்தான் போட முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான். ஆசானிடம் மரியாதையாகச் சொன்னால் புரிந்துகொள்வார். மணிக்கட்டை உள்ளே மடக்கி, கையை நீட்டி, பலமாக இழுத்துச் செய்யும் ஸ்ட்ரெச்சும் இதே போல நாணை எலும்பின் மேல் வைத்து நசுக்கும். முதல் ஆறு வாரம் அதுவும் வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் ஒரு அளவுகோல் வேண்டும். தினமும் காலையில், பல் தேய்த்த பிறகு, சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றின் முதுகை வலது கையால் மேலிருந்து, உள்ளங்கை கீழே பார்க்க, கைமுட்டை நீட்டிப் பிடித்து ஒரு அங்குலம் தூக்குங்கள். வலிக்கு பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு எண் கொடுத்து, காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதுங்கள். எப்போதும் அதே நாற்காலி. நேற்றைய எண்ணைவிட இரண்டு கூடியிருந்தால் நேற்று செய்த ஏதோ ஒன்று அதிகம், அடுத்த முறை அதைப் பாதியாக்குங்கள். பயிற்சி செய்யும்போது மூன்று வரை வலிக்கலாம், பயப்பட வேண்டாம். அது மறுநாள் காலைக்குள் பழைய எண்ணுக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருப்பவர்கள் ஒரு கிலோவிலேயே நின்றுவிடுகிறார்கள். வலி வந்தால்தான் பலன் என்று நினைப்பவர்கள் ஊசிக்குத் திரும்புகிறார்கள்.

முதல் இரண்டு வாரம் அசையாமல் பிடிக்கும் பயிற்சி மட்டும். மேஜையில் முன்கையை வையுங்கள், கைமுட்டு 90 டிகிரி மடங்கியிருக்கட்டும், மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழே. இந்த நிலையில் டம்பெல்லைப் பிடிக்கச் சொன்னால் பிடியும் பாரமும் சேர்ந்து வலிக்கும். அதனால் ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு, பையின் காதை விரல் கணுக்களுக்குப் பின்னால், புறங்கையில் மாட்டித் தொங்கவிடுங்கள். விரல் தளர்ந்தே இருக்கும், மணிக்கட்டைத் தூக்கும் தசை மட்டும் உழைக்கும். மணிக்கட்டு நேராக, கீழே சாயாமல், 45 விநாடி. இரண்டு நிமிடம் விட்டு மறுபடி. மொத்தம் ஐந்து முறை, தினம் ஒருதரம். 45 விநாடியின் கடைசிப் பத்தில் கை நடுங்க வேண்டும், நடுங்காவிட்டால் அரைக் கிலோ சேருங்கள். பிடிக்கும்போது வலி மூன்றைத் தாண்டினால் அரைக் கிலோ எடுங்கள். பையும் அரிசியும் என்பதன் வசதி இதுதான். ஜிம்மில் ஒரு கிலோவுக்கு அடுத்தது பெரும்பாலும் இரண்டு கிலோ டம்பெல், நாணுக்கு அது இரட்டிப்பு.

மூன்றாவது வாரத்திலிருந்து அசைவு. இப்போது டம்பெல்லைப் பிடிக்கலாம், ஒரு கிலோ. அதே மேஜை, அதே நிலை. மணிக்கட்டை மூன்று விநாடியில் மேலே, மூன்று விநாடியில் கீழே. மனதுக்குள் எண்ணுங்கள், எண்ணாவிட்டால் ஆள் தானாக வேகமாக்கிவிடுவார். ஒரு மூச்சில் 15 ரெப் (தடவை), அப்படி மூன்று செட், ஒன்றுவிட்டு ஒரு நாள். மேலே தூக்குவது வலித்தால் இடது கையால் தூக்கிவிட்டு, இறக்குவதை மட்டும் வலது கையால் நாலு விநாடி எடுத்துச் செய்யுங்கள். மூன்று செட்டும் 15 வந்து, மறுநாள் நாற்காலி எண் கூடாமல் இருந்தால் அரைக் கிலோ. ஆறாவது வாரம் வாக்கில் 15 ரெப்பிலிருந்து 8 ரெப்புக்கு வாருங்கள், எடையைக் கூட்டி, நாலு செட். எட்டாவது வாரத்தில் கைமுட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, கடைசியில் முழுக்க நீட்டிய நிலையில் செய்ய வேண்டும். நீட்டும்போது எடையைப் பாதியாக்குங்கள், இது முக்கியம். நிறையப் பேர் மடக்கிய கையில் ஐந்து கிலோ வந்துவிட்டது என்று அதே ஐந்து கிலோவோடு கையை நீட்டிவிட்டு ஒரு மாத வேலையை ஒரு மாலையில் தொலைக்கிறார்கள். உங்களைப் போல எடை தூக்கிப் பழகியவருக்கு இலக்கு, நீட்டிய கையில் ஐந்து கிலோ, மெதுவாக எட்டு ரெப்.

இதோடு சுத்தியல் ஒன்று. முன்கையைத் தொடையில் வைத்து, சுத்தியலை நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக உள்ளே சாய்த்து, நிமிர்த்தி, வெளியே சாய்த்து, நிமிர்த்துங்கள். சுத்தியலின் தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் லேசு, பிடியின் நுனியைப் பிடித்தால் பாரம். முதல் நாள் தலைக்கு நாலு விரல் கீழே பிடித்து, 10 ரெப், இரண்டு செட். வாரம் ஒரு விரல் இறங்கினால் போதும். தோள்பட்டைக்கும் பின்முதுகுக்கும் பயிற்சி விட்டுப்போகக் கூடாது. தோள் சோர்ந்தால் அந்த வேலையை மணிக்கட்டு ஏற்றுக்கொள்கிறது.

ஜிம்மில் என்ன செய்வது, என்ன விடுவது என்று பார்த்தால், கணக்கு எளிது: பிடி இல்லாமல் செய்யக்கூடியது எல்லாம் முழுசாக நடக்கட்டும். லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், ஹிப் த்ரஸ்ட், ஸ்குவாட், எதையும் குறைக்க வேண்டாம். ஸ்குவாட்டில் ராடை நசுக்கிப் பிடிக்காமல் கையை அதன் மேல் சும்மா வையுங்கள். நெஞ்சுக்கு பெஞ்ச் பிரஸ் வலிக்கவில்லை என்றால் தொடருங்கள். ராடு விரல்களின் அடியில் அல்லாமல் உள்ளங்கையின் மேட்டில், முன்கை எலும்புக்கு நேர் மேலே உட்கார வேண்டும். மணிக்கட்டு பின்னால் சாய்ந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும்.

மூன்று மாதத்துக்கு மூட்டை கட்ட வேண்டியவை: ரிவர்ஸ் கர்ல், உள்ளங்கை வெளியே பார்க்கும் புல்-அப், டம்பெல் லேட்டரல் ரைஸ், அப்ரைட் ரோ, கெட்டில்பெல் ஸ்விங், கயிற்றில் தொங்கும் எதுவும். லேட்டரல் ரைஸ் விட மனமில்லை என்றால், கேபிள் மெஷினில் காலுக்குப் போடும் பட்டையைக் கைமுட்டுக்கு மேலே புஜத்தில் கட்டி இழுங்கள். தோளுக்கு அதே வேலை, கைக்கு ஒன்றுமில்லை. நேர் ராடில் பைசெப்ஸ் வேண்டாம், ஜிக்ஜாக் ராடோ, உள்ளங்கை மேலே பார்க்கும் டம்பெல்லோ. ஹேமர் கர்ல் (கட்டைவிரல் மேலே இருக்க டம்பெல்லைத் தூக்குவது) சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு மறுநாள் நாற்காலி காட்டிக்கொடுத்துவிடும்.

முதுகுப் பயிற்சிக்கு ஸ்ட்ராப், அதாவது கையை ராடோடு கட்டும் பட்டை, போடுங்கள். ஸ்ட்ராப் போடுவது கோழைத்தனம் என்று நினைக்கும் ஜிம்கள் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன, அவர்கள் பேச்சைக் காதில் போடாதீர்கள். ஸ்ட்ராப்பை மணிக்கட்டில் மாட்டி, ராடுக்கு அடியில் கொண்டுபோய், இரண்டு சுற்று சுற்றி இறுக்குங்கள். பாரம் மணிக்கட்டிலிருந்து தொங்க வேண்டும், விரல் வெறும் கொக்கியாக இருக்க வேண்டும். ஸ்ட்ராப்பும் போட்டு விரலையும் நசுக்கிப் பிடித்தால் போட்டதற்கு அர்த்தமில்லை. டெட்லிஃப்ட் இந்த முறையில் 60 கிலோவில் தொடங்குங்கள். ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் மாற்றிப் பிடிக்கும் பிடி வேண்டாம். நாற்காலி எண் கூடாத வாரத்தில் 5 கிலோ ஏற்றுங்கள். கணக்குப்படி 120-க்கு மூன்று மாதம். நடுவில் ஒரு மழைக்காலம் வரும், நாலு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் என்றதும் வியர்வையும் ஈரமும். கை வழுக்கினால் ஆள் தன்னை அறியாமல் இறுக்குகிறார். கடலோர ஊர் ஜிம்களில் உப்புக்காற்றில் துருப்பிடித்து, உரசித் துடைத்து, சொரசொரப்பே தேய்ந்துபோன ராடைப் பார்க்கலாம். அந்த ராடில் அதே எடையைப் பிடிக்க நல்ல ராடைவிடக் கூடுதலாக இறுக்க வேண்டும். வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் மெக்னீசியம் சாக் பவுடர் கொஞ்சம் வாங்கி வையுங்கள், முகப் பவுடர் இல்லை. பிளேட்டை எப்போதும் இரண்டு கையாலும், அடியிலிருந்து ஏந்தி, நெஞ்சோடு அணைத்து எடுங்கள். ஜிம்மில் ஒரு மாலையில் எத்தனை பிளேட் ஏற்றி இறக்குகிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. குறைந்தது இருபது இருக்கும்.

எண்ணிக்கை என்றால் பால்வெட்டைப் பேசாமல் இருக்க முடியாது. ஒரு மரத்தில் வெட்டுவாயில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைக் கிள்ளி உரிக்க வேண்டும், பட்டையைச் சீவிச் சீவி கத்தியை இழுத்து வர வேண்டும். மரத்துக்குப் பத்து இழுப்பு என்று வைத்தாலும் 220 மரத்துக்கு 2,200. நீங்கள் ஜிம்மில் கை சம்பந்தமாக நாலு பயிற்சி, நாலு செட், பத்து ரெப் செய்தால் 160. பாரம் வேறுதான், இருந்தாலும் நாணுக்கு ஓய்வு எங்கே குறைகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

முதல் ஒன்றரை மாதம் பாதி மரத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க முடிந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை. முடியாது என்றால் இவை: கத்தியை வெட்டுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தீட்டுங்கள். மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாது, பிய்க்கும், அந்தப் பலம் முழுவதும் கைமுட்டிலிருந்து வருகிறது. வெட்டை மணிக்கட்டைச் சுண்டி இழுக்காமல், கைமுட்டை விலாவோடு வைத்துக்கொண்டு, காலை நகர்த்தி உடம்போடு மரத்தைச் சுற்றி வாருங்கள். நல்ல வெட்டுக்காரர் எவரையும் பாருங்கள், அவர் கை ஆடாது, கால்தான் நடக்கும். கத்தியின் பிடி ஒல்லியாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்குங்கள், விரல் நசுக்க வேண்டாம். ஒட்டுப்பாலை இடது கையால் உரியுங்கள், நாலு நாளில் பழகிவிடும். உயரத்தில் தலைக்கு மேலே வெட்டுகிற மரம் இருந்தால் அதை முதலில் வேறு ஆளுக்கு விடுங்கள். வாளியைப் பாதி நிரப்பி இரண்டு நடை. உறைந்த பாலை ஷீட்டாக அழுத்தும் ஷீட் ரோலரின் கைப்பிடியை மூன்று மாதத்துக்கு நீங்கள் தொடவே வேண்டாம், வீட்டில் யாராவது சுற்றட்டும்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு என்பது உங்களுக்கு ஒரு வசதி. வெட்டு நாளில் காலையில் பால், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அரிசிப்பைப் பிடிப்பு ஐந்து முறை, மாலையில் ஜிம்மில் கால் மட்டும். வெட்டில்லாத நாளில் காலையில் டம்பெல்லும் சுத்தியலும், மாலையில் நெஞ்சு, முதுகு, தோள். ஜிம் நாட்களை இதற்கேற்ப மாற்றுங்கள், திங்கள் செவ்வாய் என்று கிழமையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். மழையில் வெட்டு நின்றுவிட்டால் அந்த நேரத்தை ஜிம்மில் ஈடுகட்டாதீர்கள். இலையுதிர்காலத்தில் மரத்துக்கு ஓய்வு விட்டு மறுபடி தொடங்கும் முதல் நாளிலேயே 220-ஐயும் வெட்டாதீர்கள். நாணுக்குப் பகை பாரத்தைவிடப் பாரத்தின் திடீர் ஏற்றம்தான். இந்த வலி ஏழு மாதத்துக்கு முன் தொடங்கியது என்கிறீர்கள், அந்த மாதத்தில் வெட்டு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

கைமுட்டுப் பட்டை வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம், விலை அதிகமில்லை. ஆனால் பலர் அதை எலும்புப் புடைப்பின் மேலேயே கட்டுகிறார்கள். புடைப்புக்கு இரண்டு விரல் கீழே, கையை மூடும்போது தசை உருண்டு வரும் இடத்தில் மெத்தை உட்கார வேண்டும். கட்டிய பிறகு நாற்காலியைத் தூக்குங்கள், கட்டாதபோது இருந்த வலியைவிடக் குறைந்தால் சரியான இடம். குறையவே இல்லை என்றால் உங்களுக்கு அது உதவாது, கழற்றி வைத்துவிடுங்கள். வெட்டுக்கும் ஜிம்முக்கும் மட்டும், தூங்கும்போது வேண்டாம். விரல் மரத்தால் உடனே தளர்த்துங்கள். டைக்ளோஃபெனாக் ஜெல் இரண்டு வாரம் தடவிக்கொள்ளலாம். அதே மருந்தை மாத்திரையாக மாதக்கணக்கில் தின்பது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

பைக் ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பிடித்த கையைத் தளர்த்தி, கைமுட்டைக் கொஞ்சம் மடக்கி ஓட்டுங்கள். நீட்டி விறைத்த கையில் ஒவ்வொரு குழியும் நேராகப் புடைப்பில் போய் இடிக்கும். நம் சாலைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டில் மரச்சீனிக் கிழங்கு இருக்கட்டும், தட்டில் மீன் அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். கொலாஜன் பொடிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சர்க்கரை ஒருமுறை பார்த்துவிடுங்கள், சர்க்கரை கூடினால் நாண் ஆறுவது தாமதமாகும். புகை பிடிப்பதும் அப்படியே.

உங்களுக்கு இருப்பது டென்னிஸ் எல்போ அல்லாமல் வேறாகவும் இருக்கலாமா என்றால், கடிதத்தில் அதற்கான அடையாளம் இல்லை. இருந்தாலும் இவற்றைக் கவனியுங்கள்: வலிக்கும் இடம் புடைப்பில் இல்லாமல் மூன்று நாலு விரல் கீழே, தசைக்குள் இருந்து, இரவில் குடைந்தால் அது நரம்பு நெருக்கமாக இருக்கலாம். விரலை நிமிர்த்த முடியாமல் தொங்கிவிட்டால், கை மரத்தால், கைமுட்டு நடுவில் பூட்டிக்கொண்டால், காய்ச்சலோடு வீங்கிச் சிவந்தால், கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்கு ஓடினால், இந்தப் பயிற்சியை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எலும்புப் பிரிவு இருக்கிறது. பன்னிரண்டு வாரம் இதைச் சரியாகச் செய்தும் நாற்காலி எண் பாதியாகக் குறையவில்லை என்றாலும் நேரில் போய்க் காட்டுங்கள். அப்போது ஸ்கேன் எடுப்பதில் அர்த்தம் உண்டு.

எதிர்பார்ப்பு என்ன? மருத்துவம் பார்க்காமலே ஓராண்டில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இது தணியும். ஆனால் தணிவதும், 120 கிலோவைத் தூக்குவதும் ஒன்றல்ல. கெட்டிலும் பொத்தானும் ஆறு எட்டு வாரத்தில் சரியாகும். ஸ்ட்ராப்போடு பழைய டெட்லிஃப்டுக்கு நாலு மாதம். ஸ்ட்ராப் இல்லாமல் இன்னும் இரண்டு மாதம் ஆகும். முதலில் வார்ம்-அப் செட்டுகளை மட்டும் வெறும் கையால் 60 கிலோ வரை, பிறகு பத்துப் பத்துக் கிலோவாக. நடுவில் ஒரு வாரம் எண் ஏறும், கட்டாயம் ஏறும். அந்த வாரம் மூன்றாவது வாரத்துப் பயிற்சிக்கு இறங்கி, பத்து நாளில் மறுபடி ஏறுங்கள், ஒன்றாம் நாளுக்குப் போக வேண்டாம்.

ரிவர்ஸ் கர்லைக் கடைசியாக எடுங்கள். நீட்டிய கையில் ஐந்து கிலோ எட்டு ரெப் வந்த பிறகு, ஜிக்ஜாக் ராடில், பிளேட் எதுவும் போடாமல், வாரம் ஒருமுறை இரண்டு செட்.